பழைய டொயோட்டா பிக்கப்பைத் தூக்குவதற்கு முன்: லிஃப்ட் கிட் வாங்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்குகிறவர்கள் முதல் வாரம் வண்டியைக் கழுவித் துடைப்பார்கள். இரண்டாவது வாரம் லிஃப்ட் கிட், அதாவது வண்டியின் உயரத்தைக் கூட்டும் பாகத் தொகுப்பு, அதன் விலை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அதே ரகம்தான். கலிஃபோர்னியாவில் வாங்கிய 1985 டொயோட்டா, 2.4 லிட்டர் 22 ஆர்.இ. எஞ்சின். மூன்றாவது வாரமே நாலு இஞ்ச் கிட்டுக்கு ஆர்டர் போட்டேன். ஏன் நாலு என்று யாராவது கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது. பார்க்கிங்கில் பக்கத்தில் நின்ற வண்டி அந்த உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். அந்த அவசரத்துக்கு ஒரு வருஷம் வட்டி கட்டினேன்.

வண்டி நமக்குப் புதிதல்ல. இலங்கையிலும் வளைகுடாவிலும் ஹைலக்ஸ் என்று எல்லோருக்கும் தெரிந்த அதே வண்டிதான். அமெரிக்காவில் 1970களின் நடுவில் அந்தப் பெயரைக் கைவிட்டு வெறுமனே 'பிக்கப்' என்று விற்றார்கள். 1979 மாடலில் ஃபோர் வீல் டிரைவ் வந்தது. 1995-இல் டகோமா வந்து அதன் இடத்தைப் பிடித்தது. இங்கே எழுதுவது அந்தக் காலத்து வண்டிகளைப் பற்றி. பழைய ஷெவி, ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு பெரும்பாலும் பொருந்தும், பாகங்கள்தான் மாறும்.

முதல் படி: வண்டிக்கு அடியில் படுங்கள்

கையில் டார்ச், ஒரு சின்னச் சுத்தியல். கேட்லாக் பார்ப்பதற்கு முன் இது.

சேசிஸில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்திருந்தால் மொத்தென்று சத்தம் வரும், பொருக்கு உதிரும். ஸ்பிரிங் சேசிஸோடு சேரும் ஹேங்கர்களைச் சுற்றி இரண்டு தடவை தட்டுங்கள். புது ஸ்பிரிங்கின் உதையை வாங்கப்போவது அந்த இடம்தான். பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மாநிலத்திலிருந்து வந்த வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஓட்டை இருந்தால் கிட் வாங்கும் பணத்தில் வெல்டிங் வேலையை முடியுங்கள்.

அடுத்து முன் அச்சைப் பாருங்கள். 1979 முதல் 1985 வரை வந்த வண்டிகளில் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை ஒரே முழு ஹவுசிங் (அச்சை மூடிய இரும்புக் கூடு) இருக்கும். அதைத் தாங்க இரண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், நம் ஊரில் பட்டை என்போமே, அது. (கிராமத்துக் கொல்லுப் பட்டறையில் அரிவாள் அடிக்க லாரிப் பட்டையைத் தேடுவார்கள். அந்த இரும்புக்கு அவ்வளவு உரம்.) 1986 மாடலிலிருந்து முன்பக்கம் மாறிவிட்டது. சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். பட்டைக்குப் பதில் முறுக்கி நிற்கும் டார்ஷன் பார் என்ற நீளக் கம்பி. பின்பக்கம் மட்டும் எல்லா வருஷத்திலும் பட்டைதான்.

இந்த 1985-86 எல்லைதான் முக்கியம். ஒரு பக்கத்துக் கிட் மறு பக்கத்துக்குச் சேராது. விளம்பரத்தில் 'பழைய டொயோட்டா பிக்கப்புக்கு' என்று மட்டும் போட்டிருந்தால் வருஷத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: டயரை முடிவு செய்யுங்கள்

புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தலைகீழாகப் போகிறார்கள். முதலில் கிட், அப்புறம் அதற்கேற்ற டயர் என்று நினைக்கிறார்கள். டயர்தான் முதலில்.

காரணம் இது. முன்னும் பின்னும் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்குகிறதே டிஃபரன்ஷியல், லாரிக்காரர்கள் கிரவுன் என்பது, பாறையில் முதலில் முட்டுவது அது. முழு அச்சில் லிஃப்ட் கிட் அதை ஒரு நூல்கூட உயர்த்தாது. கிட் வேலை செய்வது அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில்; அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதி. என் வண்டியின் பழைய 225/75 டயர் 28.3 இஞ்ச் விட்டம். 33 இஞ்ச் டயர் போட்டால் கூடுவது 4.7 இஞ்ச், கிரவுனுக்கு அடியில் கிடைப்பது 2.3 இஞ்ச் சொச்சம். ஆறு இஞ்ச் கிட் மாட்டிப் பழைய டயரிலேயே ஓடினால் கிரவுன் அதே கல்லில்தான் இடிக்கும்.

அப்படியென்றால் கிட் எதற்கு? பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் ஏறி இறங்க இடம் வேண்டும். வண்டியின் மூக்கும் வாலும் வயிறும் மேட்டில் இடிக்காமல் இருக்க வேண்டும். பழைய பட்டை தொய்ந்துவிட்டதால் அதை எப்படியும் மாற்ற வேண்டும். இந்த மூன்றுக்காகத்தான்.

எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று உங்களையே நேர்மையாகக் கேளுங்கள். வருஷத்தில் நாலு தடவை காட்டுப் பாதையில் போய்க் கூடாரம் போடுகிறவருக்கு 31 × 10.50 டயரும் (விட்டம் 31 இஞ்ச், அகலம் 10.5) இரண்டு இஞ்ச் லிஃப்டும் தாராளம். சியர்ரா நெவாடா மலையில் ரூபிகான் பாதை மாதிரிப் பாறைமேல் பாறையாக ஏறப் போகிறவருக்கு 33-உம் மூன்று நாலு இஞ்சும் நியாயம். 35 என்றால் மட்கார்டை வெட்ட வேண்டிவரும். முன் அச்சின் கோடியில் சக்கரம் திரும்பும்போதும் அதைச் சுழற்றும் பிர்ஃபீல்டு ஜாயின்ட் தாங்குமா என்ற கேள்வியும் வரும். முதல் வண்டியில் அதற்குள் போகாதீர்கள் என்பது என் கட்சி.

டயரோடு கியர் கணக்கும் சேர்ந்து வரும். என் வண்டியின் கிரவுன் விகிதம் 4.10, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.10 சுற்று. 28.3-லிருந்து 33-க்குப் போனால், ஓட்டும்போது 3.5 விகிதம் போட்ட மாதிரி இழுவை குறையும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் நாலு சிலிண்டர் எஞ்சின், மேட்டில் ஐந்தாவது கியரை மறந்துவிடலாம். ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது உண்மையில் 70-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 33-க்கு 4.88, 31-க்கு 4.56 விகிதம் பொருந்தும். முன்னும் பின்னும் இரண்டு கிரவுனையும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர் வீல் போட்டால் உள்ளே பல் நொறுங்கும். 31-க்கு மாற்றாமலே ஒப்பேற்றலாம். 31-ஐ நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் படி: இன்றைய உயரத்தை அளந்து எழுதுங்கள்

சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து தாளில் எழுதுங்கள். பத்து நிமிஷ வேலை. யாரும் செய்வதில்லை.

கிட்டின் மேல் அச்சடித்த இரண்டு இஞ்ச், நாலு இஞ்ச் எல்லாம் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் உயரத்திலிருந்து கணக்கு. நாற்பது வருஷப் பட்டை எங்கேயோ தொய்ந்து உட்கார்ந்திருக்கும். ஒன்றரை இஞ்ச் தொய்ந்திருந்தால் இரண்டு இஞ்ச் கிட் மாட்டியதும் வண்டி மூன்றரை ஏறி நிற்கும். உங்களுக்கு வேண்டிய உயரம் சின்ன கிட்டிலேயே கிடைத்துவிடலாம். இடமும் வலமும் ஒரே அளவாக இல்லாவிட்டால் அதையும் விற்பவரிடம் சொல்லுங்கள்.

எடையையும் எழுதுங்கள். இரும்பு பம்பர், வின்ச் (மாட்டிய வண்டியை இழுக்கும் எந்திரம்) வைத்திருக்கிறீர்களா, வைக்கப் போகிறீர்களா? பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி காலியாகவே ஓடுமா, எப்போதும் சாமான் இருக்குமா? ஓல்ட் மேன் ஈமு மாதிரி ஆஸ்திரேலிய ஸ்பிரிங்குகளை எடைக்குத் தக்கபடி பிரித்து விற்பார்கள். கனமான ரகம் பலமாக இருக்கும் என்று நினைத்துக் காலி வண்டிக்கு வாங்கினால் மாட்டு வண்டியில் போகிற மாதிரி இடுப்பு கழன்றுவிடும். மண் சாலையில் பின் சக்கரம் தரையில் நிற்காது.

நான்காம் படி: எந்த முறையில் தூக்குவது

1985 வரையான வண்டிக்கு வழி ஒன்றுதான்: முன்னும் பின்னும் அதிக வளைவுள்ள புதுப் பட்டைத் தொகுதி. மற்றவை எல்லாம் ஒட்டு வேலை, ஆனாலும் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை அவைதான் என்பதால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்துத் தூக்குவார்கள். பின்பக்கம் ஒரே ஒரு கட்டை, இரண்டு இஞ்சுக்குள், பொறுத்துக்கொள்ளலாம். உயரக் கட்டை வைத்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அச்சு முறுக்கிக்கொண்டு பட்டையை எஸ் வடிவத்தில் வளைக்கும். கட்டைமேல் கட்டை அடுக்கவே கூடாது. முன்பக்கம் கட்டை வைப்பது உயிரோடு விளையாடுவது. பிரேக் பிடிக்கும் வேகமும் ஸ்டியரிங் இழுப்பும் சேர்ந்து அந்தக் கட்டையைத் தள்ளிவிட்டால் முன் அச்சே இடம் மாறிவிடும். முன்பக்கக் கட்டையோடு வரும் கிட்டை மேற்கொண்டு படிக்காமல் மூடிவையுங்கள்.

பட்டையின் ஒரு கோடியைச் சேசிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு ஷாக்கிள்; அதை நீளமாகப் போட்டும் தூக்குவார்கள். ஷாக்கிள் இரண்டு இஞ்ச் நீண்டால் அச்சு நடுவில் இருப்பதால் ஒரு இஞ்ச்தான் ஏறும். இந்த டொயோட்டாவில் முன்பட்டையின் ஷாக்கிள் முன்கோடியில் இருக்கிறது. அதை நீட்டினால் அச்சின் தலை முன்னால் சாய்ந்து காஸ்டர் கோணம் குறையும். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, வண்டி அலையும். பழைய பட்டைக்குள் ஒரு தனிப் பட்டையைச் செருகுவது பின்பக்கம் சுமை ஏற்றுகிறவருக்குச் சரி; ஓட்டம் முரடாக இருக்கும்.

பாடி லிஃப்ட் வேறு ஜாதி. ஸ்பிரிங்கைத் தொடாமல், பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே உருளைகளை வைத்துப் பாடியை மட்டும் உயர்த்துவது. டயருக்கு இடம் கிடைக்கும், வயிறு உயராது. ஒரு இஞ்ச் வரை பெரிய தொந்தரவு இல்லை. மூன்று இஞ்ச் போனால் ரேடியேட்டர் ஃபேனின் கூடு, ஸ்டியரிங் தண்டு, கியர் லீவர், பெட்ரோல் ஊற்றும் குழாய் என்று ஒவ்வொன்றாக எட்டாமல் போகும்.

1986 முதலான வண்டி வைத்திருப்பவர்கள்மேல் என் மனதில் கொஞ்சம் பரிதாபம் உண்டு. டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்கினால் முன்பக்கம் இலவசமாக ஏறும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏறும். ஆனால் சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தைத் தின்றுதான் ஏறும். ஒரு இஞ்சுக்கு மேல் போனால் சின்னக் குழியில்கூட மேல் ஆர்ம் தன் ஸ்டாப்பரில் இடித்து டங்கென்று சத்தம் போடும். அச்சுத் தண்டின் சி.வி. ஜாயின்ட் கோணம் கூடி ரப்பர் உறை கிழியும். மேல் பால் ஜாயின்ட்டுக்கு ஸ்பேசர் வைப்பது இதைவிடக் கண்ணியமான வழி, ஒன்றரை இஞ்ச் அளவுக்குக் கிடைக்கும். நாலு இஞ்ச் வேண்டுமென்றால் கிரவுனையும் கீழ் ஆர்மையும் சேர்த்து இறக்கும் பிராக்கெட் கிட்தான். விலை அதிகம், வேலை அதிகம், பெரிய டயர் ஸ்டியரிங் ஐட்லர் ஆர்மைச் சீக்கிரம் தேய்க்கும். அந்தச் செலவை நினைத்தே பலர் பழைய முழு அச்சை வாங்கி முன்னால் பொருத்திவிடுகிறார்கள். அது வெல்டிங் தெரிந்தவர்கள் பேச்சு. புதியவர் 31 டயரோடு நின்றுகொள்ளலாம்.

ஐந்தாம் படி: பெட்டியில் வராத பொருள்கள்

என் பணமும் தூக்கமும் போனது இங்கேதான்.

ஷாக் அப்சார்பர்: சில கிட்டில் வரும், சிலதில் வராது. லிஃப்ட் உயரத்தைச் சொல்லி வாங்காமல் அளந்து வாங்குங்கள். புதுப் பட்டை போட்டபின் சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும், பம்ப் ஸ்டாப்பில் (அச்சு மேலே ஏறுவதை நிறுத்தும் ரப்பர் முட்டு) முழுக்க அமுங்கும்போதும், ஷாக்கின் மேல் கண்ணிலிருந்து கீழ்க் கண் வரை இரண்டு அளவு எடுங்கள். ஷாக் முதல் அளவைவிட நீளமாக விரியவும், இரண்டாம் அளவைவிடக் குட்டையாக மடங்கவும் வேண்டும். மடங்காத ஷாக் குழியில் தன் தலையைத் தானே உடைத்துக்கொள்ளும்.

பிரேக் ஹோஸ்: நாலு இஞ்சில் சக்கரம் தொங்கினால் பழைய ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கும். நாற்பது வருஷ ரப்பர் வேறு. நீளமானது போடாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

பின் பிரேக்கின் சுமை வால்வு: பின் அச்சுக்கு மேலே சேசிஸில் ஒரு வால்வு, அதிலிருந்து அச்சுக்கு ஒரு கம்பி. தொட்டியில் சுமை ஏறிச் சேசிஸ் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். காலியாக உயர்ந்து நின்றால் குறைக்கும். லிஃப்ட் போட்டதும் அது வண்டி எப்போதும் காலி என்றே நினைத்துக்கொள்ளும். எனக்கு இது தெரியாது. மாட்டித் தந்த பட்டறைக்காரரும் சொல்லவில்லை. மழையில் ஒரு இறக்கத்தில் பிரேக் மிதித்தபோது மூக்கு மட்டும் குனிந்து வண்டி வழுக்கிக்கொண்டே போனது. அச்சுப் பக்கத்துப் பிராக்கெட்டை லிஃப்ட் அளவுக்கு உயர்த்தினால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை. பெடலை இரண்டு வாரம் சந்தேகப்பட்டு நான் மாஸ்டர் சிலிண்டரை மாற்றியிருந்தேன்.

ஸ்டியரிங்: 1985 வரையான வண்டியில் ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து டிராக் லிங்க் என்ற கம்பி முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுத்து டிரைவர் பக்கச் சக்கரத்தைத் திருப்புகிறது. உயரம் கூடக் கூட அதன் சாய்வு செங்குத்தாகும். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கையில் உள்ள வளையம் தானாக வெட்டும். இரண்டு இஞ்சில் கவலை இல்லை. நாலில் தெரியும். அதற்கு மருந்து கிராஸ்ஓவர் ஸ்டியரிங்: 1986 முதலான வண்டியின் பாக்ஸைப் போட்டு, லிங்க்கைக் குறுக்காக ஓடவிட்டு மறு பக்கச் சக்கரத்தைத் திருப்புவது. கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் மார்லின் கிராலர், ட்ரெயில் கியர் என்று இந்த வண்டிகளுக்கென்றே பாகம் செய்யும் கடைகள் இருக்கின்றன. நல்ல பொருள், ஆனால் கிட் செலவுக்குமேல் இன்னொரு செலவு.

புரொபெல்லர் ஷாஃப்ட்: முன் ஷாஃப்ட் இழுபட்டு, உள்ளே சறுக்கும் பல் பிடிமானம் குறையும், ஸ்பேசர் வேண்டியிருக்கலாம். பின் ஷாஃப்டில் கோணம் கூடிக் கிராஸ் ஜாயின்ட் அதிரும். ஆப்பு வடிவத் தகடு வைத்து அச்சின் மூக்கைத் திருப்பிச் சரிசெய்வார்கள்.

இவற்றோடு புது யூ போல்ட்டுகளும் (பழையதை மறுபடி முறுக்கக் கூடாது, ஒரு தடவை இழுபட்ட இரும்பு), புஷ்களும், அலைன்மென்ட் கூலியும். நாலு இஞ்சுக்கு ஆசைப்படுகிறவர் கிட் விலைக்குச் சமமான தொகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு ஆர்டர் போடட்டும். இரண்டு இஞ்சுக்கு இந்தப் பட்டியலில் பாதி தேவைப்படாது.

ஆறாம் படி: சட்டம்

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் பம்பரைவிடச் சேசிஸ் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். கதவோரம் ஒட்டிய தகவல் சீட்டில் அச்சடித்த மொத்த எடை அளவு 4,500 பவுண்டு வரை என்றால் சேசிஸ் தரையிலிருந்து 27 இஞ்சுக்குமேல் போகக் கூடாது. 4,501 முதல் 7,500 வரை 30 இஞ்ச். பாடியின் தரை சேசிஸின் மேல்விளிம்பிலிருந்து 5 இஞ்சுக்குமேல் உயரக் கூடாது. உங்கள் மாநில விதியைக் கிட் வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவையுங்கள்.

ஏழாம் படி: மாட்டும் நாளும் அதற்கு அடுத்த வாரமும்

மூன்று நாள் முன்பிருந்தே எல்லா போல்ட்டுக்கும் துரு நெகிழ்க்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். சேசிஸுக்குக் கனமான ஸ்டாண்ட் கொடுங்கள். முன்பக்கம் முழுக்க முடித்துவிட்டுத்தான் பின்பக்கம். ஷாக்கிள் போல்ட்டையும் பட்டைக் கண் போல்ட்டையும் முதலில் தளர்வாகவே விட்டு, சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் எடை உட்கார்ந்தபின் இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழியும்.

முதல் ஓட்டம் வீட்டுத் தெருவிலேயே. ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி டயர் எங்கே உரசுகிறது, ஹோஸ் எங்கே இழுபடுகிறது என்று பக்கத்தில் ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆளில்லாத இடத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்துப் பாருங்கள். வளைவுகளில் பழைய வேகம் வேண்டாம். எடை மேலே போய்விட்டது, வண்டி சாயும்.

நூறு மைல் ஓடியதும் யூ போல்ட்டை டார்க் ஸ்பேனரால் மறுபடி இறுக்குங்கள், கண்டிப்பாகக் கொஞ்சம் விட்டிருக்கும். முன் சக்கர நக்கிளின் (சக்கரம் திரும்பும் மூட்டு) மேல் ஸ்டட் நட்டுகளையும் அப்போதே தொட்டுப் பாருங்கள். இந்த அச்சில் அவை தளர்வது வாடிக்கை. பட்டை சில வாரம் உட்காரும், அரை இஞ்ச் இறங்கினால் பயப்படாதீர்கள். மூன்றாம் படியில் எழுதிய தாளை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். கிட் மாட்டிய அன்றைக்கு ராத்திரியே சுவருக்கு எதிரே நிறுத்தி ஹெட்லைட்டைக் கீழே திருப்பிவிடுங்கள்; எதிரே வருகிறவர் கண்ணில் அடித்துக்கொண்டிருக்கும்.